பொய் முகத்தில் தெரியுமா?

"ஆளைப் பார்த்ததுமே எடை போட்டு விடுவேன்" என்று சொல்லாத வியாபாரி நம்மில் யார் இருக்கிறார்? முப்பது நாற்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இந்தத் தெம்பு தானாக வந்து விடுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசாதவன், கையைப் பிசைகிறவன் பொய் சொல்கிறான் என்பது நம் கணக்கு. உலகமே இப்படித்தான் நினைக்கிறது. 58 நாடுகளில் விசாரித்து 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பொய்யனுக்கு அடையாளமாக அதிகம் பேர் சொன்னது, அவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்பதுதான்.

கணக்கு தப்பு என்கிறார்கள் உளவியல் அறிஞர்கள். அமெரிக்காவின் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி அதே 2006-ல் வெளியிட்டார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்கள் பிறர் பேச்சைக் கேட்டு மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொன்ன சோதனைகள் அவை. சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்து விடுமே!

காரணம் எளிது. கையை நடுங்க வைப்பது பயம். அந்தப் பயம் யோக்கியனுக்கும் வரும். கல்லாவில் 500 ரூபாய் குறைந்து, முதலாளி முறைத்துப் பார்த்தால், எடுக்காத பையனுக்கும் உள்ளங்கை வேர்க்கும். நாம் பார்த்த வரையில், லட்சக்கணக்கில் சரக்கெடுத்துவிட்டு இரவோடு இரவாகக் கடையைப் பூட்டிப் போனவர்கள் யாரும் தலை குனிந்து பேசியவர்கள் அல்லர். சிரித்த முகத்தோடு நமக்கே காபி வாங்கிக் கொடுத்தவர்கள்தான்.

பொய் கண்டறியும் கருவியின் கதையும் இதுதான். மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை இவற்றைத்தான் அது அளக்கிறது. பொய்யை அளக்க அதில் தராசு கிடையாது. ஒருவருடைய சம்மதமின்றி அந்தச் சோதனை செய்யக்கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் செல்வி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு மட்டும் சாட்சியம் ஆகாது.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. சுவீடனில் 82 பயிற்சிப் போலீசாரை வைத்து ஒரு சோதனை நடந்தது. கையில் இருக்கும் ஆதாரத்தை முதலில் காட்டாமல் கேள்வி கேட்கப் பாதிப் பேருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். கற்றவர்கள் நூற்றுக்கு 85 சரியாகக் கண்டுபிடித்தார்கள், கல்லாதவர்கள் 56.

இது நமக்கு நன்றாகவே பொருந்தும். "துவரம் பருப்பில் ரெண்டு மூட்டை குறையுது அண்ணாச்சி" என்று வெளியூர்க் கடைக்காரர் போன் செய்கிறார். முழுச் சரக்கும் பெற்றதாக அவர் கடையில் கையெழுத்தான லாரி ரசீது நம்மிடம் இருக்கிறது. உடனே, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!" என்று பாய்ந்தால், "பையன் எண்ணாமல் போட்டுட்டான்" என்று பதில் தயாராக வரும். ரசீதைப் பற்றி மூச்சு விடாமல் கேளுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்தது? இறக்கியது யார்? எண்ணியது யார்? எங்கே அடுக்கினீர்கள்? குறை எப்போது தெரிந்தது? கோபப்படாமல், ஊர்க்கதை பேசுவது போலக் கேட்க வேண்டும். "நானே நின்னு எண்ணினேன்" என்று அவர் வாயால் வந்த பிறகு ரசீதை எடுங்கள். நிஜமாகவே குறைந்தவர் எண்ணாத பையனைப் பற்றி முன்னமே புலம்பியிருப்பார். சில நேரம் குறை நம் குடோனில் இருக்கும். அதுவும் இந்தக் கேள்விகளில் வெளியே வரும்.

கல்லாப் பையனிடமும் முகத்தைத் தேடாதீர்கள். பில் கட்டையும் பாக்கி நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் முதல் சில்லறை மாற்றியது யாருக்கு என்பதிலிருந்து அவனை உட்கார வைத்துக் கேளுங்கள். வாடிக்கைக்காரர் முன்னால் வேண்டாம், கடை சாத்திய பிறகு.