நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக்: நோயாளர் அறிய வேண்டியவை

தறிக்குழியில் இறங்கும் காலும் வயற்சேற்றில் இறங்கும் காலும் காயம் படாதிருப்பது அரிது. மண்வெட்டி பட்ட கீறலையும் முள் தைத்த புண்ணையும் நாம் பெரிதாக எண்ணுவதில்லை. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குத் திரும்பி விடுகிறோம். பெரும்பாலும் புண் ஆறியும் விடுகிறது. ஆயினும் சில வேளைகளில், அதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு, நான்கைந்து நாட்களில் கால் சிவந்து வீங்கிக் குளிர்சுரம் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டு விடுகிறது. அங்கே கையில் ஊசி குத்தி, பாட்டிலிலிருந்து மருந்து ஏற்றுகின்றனர்.

இவ்வாறு மருந்து ஏற்றிக் கொள்ளும் நம்மவரில் பலர், வாய் திறவாமல் படுத்திருப்பதே நல்ல நோயாளியின் இலக்கணம் என்று எண்ணுகின்றனர். டாக்டரிடம் எதையேனும் சொல்லவும் கேட்கவும் கூசுகின்றனர். இக்கூச்சம் சில சமயம் உயிருக்கே அபாயமாய் முடிகிறது. இச்சிகிச்சையில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் உள்ளது போலவே நோயாளருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு இன்னதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் நரம்பு வழி?

நாம் ‘நரம்பு ஊசி’ என்று வழங்கினாலும், மருந்து செல்வது நரம்பின் வழியாக அன்று. இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை என்னும் இரத்தக் குழாயின் வழியாகவே. மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, அதன் பின்னரே இரத்தத்தில் கலக்க வேண்டும். சிரையில் ஏற்றும் மருந்தோ சில நிமிடங்களில் உடல் முழுவதும் பரவி விடுகிறது. இரத்தத்தில் கிருமி பரவிய நிலை, மூளைக்காய்ச்சல், இருதய வால்வைப் பற்றிய தொற்று முதலிய கடும் நோய்களில் இவ்விரைவு இன்றியமையாதது. ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கும் இதுவே வழி. ஜென்டாமைசின், மெரோபெனம் போன்ற மருந்துகள் குடலில் போதுமான அளவு உறிஞ்சப்படுவதில்லை. ஆகையால் உடல் முழுவதும் செயற்பட வேண்டுமாயின் அவற்றை ஊசி வழியாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து, பாட்டில் ஏற்றுவதே எப்பொழுதும் உயர்ந்த சிகிச்சை என்று முடிவு கட்டிவிடலாகாது. வைரஸினால் வரும் சளிக்கும் சுரத்துக்கும் ஆன்டிபயாடிக் மருந்து எவ்வழியாகக் கொடுப்பினும் பயன் தராது. சாதாரணச் சுரத்துடன் சென்று, ‘ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்’ என்று நாமே வற்புறுத்துவது தவறு.

ஒரு காவலரின் கதை

இம்மருத்துவத்தின் தொடக்கக் காலத்து நிகழ்ச்சி ஒன்று நாம் அறியத் தக்கது. லண்டனில் 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினை, ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் மருந்தாகப் பிரித்தெடுத்தனர். 1941 பிப்ரவரி 12-ல் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்கு அம்மருந்தை இரத்தக் குழாய் வழியே கொடுக்கத் தொடங்கினர். முகத்தில் தோன்றிய தொற்று பரவி, ஒரு கண்ணையே இழந்து, மரணத் தறுவாயில் கிடந்தவர் அவர். மருந்து ஏறிய ஒரு நாளிலேயே சுரம் தணியலாயிற்று. பின்னர் உணவும் உட்கொண்டார். ஆனால் இருந்த மருந்தோ மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினையும் மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தனர். ஐந்து நாட்களில் அதுவும் தீர்ந்தது. எஞ்சியிருந்த கிருமிகள் மீண்டும் பெருகின. மார்ச் 15-ல் அவர் இறந்து போனார்.

அன்று ஒருவருக்கே போதாதிருந்த பென்சிலினை, புனே அருகில் பிம்ப்ரியில் 1954-ல் நிறுவப்பட்ட அரசாங்கத் தொழிற்சாலை 1955 முதல் நம் நாட்டிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. இன்று மருந்துக்குப் பஞ்சமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமையாலும், குணம் கண்டதும் பாதியில் எழுந்து போவதாலுமே நாம் கெடுகிறோம்.

ஏற்றுமுன் சொல்ல வேண்டியவை

நாம் அறிந்த ஒரு நெசவாளர் குடும்பத்தில் நடந்ததைக் கூறுவோம். பல ஆண்டுகளுக்கு முன் பென்சிலின் ஊசி போட்ட போது அக்குடும்பத் தலைவருக்கு உடலெங்கும் தடிப்புக் கண்டது. இதனை அவர் மனைவி நன்கு அறிவார். மறுமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்த போது யாரும் கேட்கவில்லை. அந்த அம்மையாரும் சொல்லவில்லை. மருந்து ஏறிய சில நிமிடங்களில் உதடு வீங்கி மூச்சு முட்டியது. நர்ஸ் உடனே மருந்தை நிறுத்தித் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதால் உயிர் பிழைத்தார். ‘அவர்கள் கேட்கவில்லையே’ என்றார் அம்மையார். கேட்டறிவது ஆஸ்பத்திரியாரின் கடமையே. எனினும் கேளாத போதும் சொல்லுவது நம் கடமையாகும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை முதல் ஊசிக்கு முன்பே தெரிவித்து விட வேண்டும்.

1. எந்த மருந்தினாலேனும் முன்பு தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டதுண்டா என்பது. ‘ஒத்துக்கொள்ளாது’ என்று மட்டும் சொல்லாமல், என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் நேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். வயிற்றுப் புரட்டல் மட்டும் கண்டிருந்தால் அது ஒவ்வாமை ஆகாது. அதனை ஒவ்வாமை என்று எழுதி வைத்தால் நல்லதொரு மருந்தை நாமே இழந்தவராவோம்.

2. சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் உள்ள நோய்; கருவுற்றிருத்தல்; குழந்தைக்குப் பாலூட்டுதல்.

3. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் யாவும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை மறவாமல் குறிப்பிட வேண்டும். நாட்டு மருந்தானாலும் மறைக்கலாகாது.

சில இடங்களில் முதலில் சிறிதளவு மருந்தைத் தோலில் செலுத்திச் சோதிக்கின்றனர். சோதனையில் ஒன்றும் தோன்றாவிடினும் பின்னர் ஒவ்வாமை வராது என்பதற்கு அது முழு உறுதியன்று.

மருந்து தொடங்குமுன் இரத்தமோ சீழோ எடுத்துச் செல்வதும் உண்டு. எக்கிருமி, எம்மருந்துக்கு அடங்கும் என்று கண்டறிவதற்காகவே அது. கிருமியை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதன் பின் மருந்தை மாற்றினால், ‘முதலில் தவறான மருந்து கொடுத்து விட்டார்கள்’ என்று கலங்க வேண்டியதில்லை. கிருமி இன்னதென்று தெரிந்த பின் அதற்கே உரிய மருந்தைக் கொடுப்பது முறையான சிகிச்சையே.

ஏறும்போது கவனிக்க வேண்டியவை

கையில் ஊசி நாள் முழுதும் குத்தியே இருப்பதாகப் பலர் அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருக்கின்றனர். ஊசியை அப்பொழுதே உருவி விடுகின்றனர்; உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாயே. கானுலா என்பது அதன் பெயர். அவ்விடத்தை நனைக்கவோ, ஒட்டியுள்ள பிளாஸ்திரியைப் பிரிக்கவோ கூடாது. அங்கே வலி, எரிச்சல், சிவப்பு, வீக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே சொல்ல வேண்டும். மருந்து சிரைக்கு வெளியே கசிவதும், சிரையே அழற்சி கொள்வதும் உண்டு. குழாயைத் தொடுமுன் கையைச் சுத்தம் செய்தாயிற்றா என்று நர்ஸிடம் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. மருந்து நின்ற பிறகும் கானுலா எடுக்கப்படாதிருந்தால் நினைவூட்ட வேண்டும். தேவையின்றி உள்ளே இருக்கும் குழாய் கிருமிக்கு வழி திறந்து விடும்.

மருந்து மெதுவாக இறங்குகிறதென்று பொறுமை இழந்து, உடனிருப்போர் குழாயிலுள்ள சக்கரத்தைத் திருகி வேகப்படுத்துவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். இது மிகவும் அபாயகரமான செயல். வான்கோமைசின் என்னும் மருந்தை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். விரைந்து ஏற்றினால் முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து அரிப்பெடுக்கும். இரத்த அழுத்தம் இறங்கி விடுவதும் உண்டு. குழாயில் சிறு காற்றுக் குமிழி கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஆனால் காற்று நீளமாக நிற்பினும், பாட்டில் காலியாயினும், குழாயில் இரத்தம் ஏறி வரினும் நர்ஸை அழைக்க வேண்டும்.

அரிப்பு, தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல், தொண்டை அடைத்தல், மூச்சுத் திணறல், தலை சுற்றி மயக்கம் வருதல்: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் குரல் கொடுக்க வேண்டும். இரவு நேரமாயிற்றே, நர்ஸ் கோபிப்பாரே என்று எண்ணிப் பொறுத்திருப்பது தகாது.

மருந்தை உரிய நேரத்தில் கொடுப்பதும் முக்கியமானது. ஆற்றில் நீர் நிரம்பி ஓடினாலும், முறைத்தண்ணீர் தவறிய வயல் வாடும் என்பதைப் பயிரிடுவோர் அறிவர். இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் கிருமி தலைதூக்கும். செஃப்ட்ரையாக்ஸோன் போன்றவற்றைப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை அல்லது இரு முறை கொடுப்பர். வேறு சிலவற்றை ஆறு அல்லது எட்டு மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். நள்ளிரவில் எழுப்புகிறார்களே என்று முகம் சுளிக்க வேண்டாம். நேரம் தவறியதாகத் தோன்றினால் கேட்கவும் தயங்க வேண்டாம்.

பின்விளைவுகள்

ஜென்டாமைசின், அமிகேசின் ஆகிய மருந்துகள் சிலருக்குச் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்குவதுண்டு. காதில் இரைச்சல், கேள்விக் குறைவு, தள்ளாட்டம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைத் தோன்றிய அன்றே சொல்லிவிட வேண்டும். இம்மருந்துகளால் இழந்த செவிப்புலன் திரும்பாமலே போகலாம். அடிக்கடி இரத்தம் எடுத்துச் சோதிப்பதும் இத்தகைய கெடுதலை முன்னரே அறிவதற்காகவே. வயிறு சற்று இளகுவது சாதாரணமாகக் காண்பதே. ஆனால் நீராகப் பலமுறை போதல், இரத்தம் கலந்து போதல், கடும் வயிற்றுவலி ஆகியவை கண்டால், வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருப்பினும் டாக்டரிடம் செல்ல வேண்டும். குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, தீயதொரு கிருமி பெருகியதன் அறிகுறியாக அது இருக்கக் கூடும். பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகவே விழுங்குதல் கூடாது.

சுரம் விட்டதும்

மூன்றாம் நாள் சுரம் விடுகிறது; வீக்கம் வற்றுகிறது. தறியில் பாவு அப்படியே நிற்கிறது. களத்தில் நெல் கிடக்கிறது. வேலை நின்ற ஒவ்வொரு நாளும் கூலி நட்டமாகிறது. ‘குணமாகி விட்டதே, போகலாம்’ என்று மனம் துடிப்பது இயற்கையே. ஆனால் சுரம் தணிந்த பின்னும் கிருமி உள்ளே எஞ்சியிருக்கக் கூடும். அந்தப் போலீஸ்காரரும் குணமாகித்தான் வந்தார் என்பதை இங்கே நினைவு கூர வேண்டும். அவருக்கு மருந்து இல்லை. நமக்கோ இருக்கும் மருந்தை விட்டுவிட்டு வருகிறோம்.

எத்தனை நாள் மருந்து வேண்டும் என்பது நோய்க்குத் தக்கபடி மாறும். சில நோய்களுக்கு ஐந்து நாட்கள் போதும். இருதய வால்வுத் தொற்றுக்கோ பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு. வேலைக்குச் செல்ல வேண்டிய அவசரத்தை அவரிடம் ஒளிவு மறைவின்றிக் கூறலாம். நோய் தணிந்து, உணவு இறங்குமாயின், இரண்டு மூன்று நாட்களில் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுவது பல நோய்களில் இயலும். ‘மாத்திரைக்கு மாற்றலாமா?’ என்று நாமே கேட்பது நன்று. மாத்திரை மட்டமான மருந்து என்று எண்ண வேண்டாம். சில மருந்துகள் இருவழியிலும் ஏறக்குறைய ஒரே பயனைத் தருகின்றன. மாற்றிக் கொடுத்த மாத்திரைகளைச் சொன்ன நாள் வரை உட்கொள்ள வேண்டும். மிஞ்சியதை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து உபசரிக்க வேண்டாம். அளவும் தேவையும் அறியாது உட்கொள்ளும் மருந்துக்குக் கிருமிகள் பழகி, பின்னர் எதற்கும் அடங்காமற் போகின்றன. அக்கிருமி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஊர் முழுமைக்கும் பொதுவாகி விடுகிறது.

வீடு திரும்பும் போது, கொடுத்த மருந்தின் பெயரும், கொடுத்த நாட்களும், ஒவ்வாமை ஏதும் கண்டிருந்தால் அதன் விவரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சங்கத்துப் பாஸ் புத்தகத்தை நாம் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம்! அதனுடன் இச்சீட்டையும் சேர்த்து வைத்து, இருக்குமிடத்தை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைப்போமாக. நாம் பேச இயலாத நிலையில் கிடக்கும் போது, நமக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்களே.