ஹார்ட் டிஸ்க்குக்கும் காற்று வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்று எந்த வழியாக வரும் என்று யாரும் கேட்பதில்லை. சாப்ட்வேர் இன்ஜினியரான நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒன்று அக்காவின் திருமண போட்டோக்களோடு படுத்த பிறகுதான் கேட்டேன்.

வேலூரில் அப்பா பயன்படுத்தும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் இருப்பது எஸ்.எஸ்.டி.யில். போட்டோ, வீடியோ எல்லாம் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில். கத்திரி வெயில் நேரத்தில் போட்டோக்கள் திறக்கத் திணறின. உள்ளே இருந்து டக் டக் என்று சத்தம். மூன்றாம் நாள் டிஸ்க்கையே விண்டோஸ் காட்டவில்லை. போட்டோக்களில் பாதியைத்தான் மீட்க முடிந்தது.

டிஸ்க்கைத் திட்டிவிட்டு, புதியது ஒன்றை வாங்கி அதே இடத்தில் மாட்டினேன். ஒரு வாரம் கழித்து கேபினட் மீது கை வைத்தால், சுட்டது. அளந்து பார்த்தேன்: புது டிஸ்க்கின் வெப்பம் 57 டிகிரி செல்சியஸ்! பழைய டிஸ்க் வெப்பத்தால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் புதியதையும் அதே அடுப்பில் வைத்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஏன் சூடாகிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. இதைச் சுழற்றும் மோட்டாரும் சர்க்யூட் போர்டும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வேலை செய்யும்போது ஒரு டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் எடுக்கும் மின்சாரம் சுமார் 5 முதல் 8 வாட்தான். பிராசசரோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் பிராசசருக்குத் தனி ஃபேன் உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு இல்லை. அதன் உலோக உடல் வழியாகத்தான் வெப்பம் வெளியேற வேண்டும். அந்த உடலைத் தொட்டுக்கொண்டு காற்று ஓட வேண்டும். காற்று நின்றால் வெப்பமும் அங்கேயே நிற்கும்.

எவ்வளவு இருக்கலாம்?

வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றுக்கு, தயாரிப்பாளர்கள் தரும் உச்ச வரம்பு 60 டிகிரி. இது எல்லைக் கோடு. அதுவரை போகலாம் என்று அர்த்தமில்லை. அதற்காக ஐஸ் போல வைத்திருக்கவும் தேவையில்லை. கூகுள் நிறுவனம் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. சாதாரண வெப்ப அளவுகளில், பலரும் நினைத்த அளவுக்கு வெப்பம் டிஸ்க்கைக் கெடுக்கவில்லை என்று அது சொன்னது. மிக அதிக வெப்பத்தில், குறிப்பாக வயதான டிஸ்க்குகளில்தான், பழுது கூடியது.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: 30 முதல் 45 வரை கவலை வேண்டாம். 50-ஐத் தொட்டால் காற்று வழியைக் கவனிக்க வேண்டும். 55-ஐத் தாண்டினால் முதலில் பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அளப்பது எப்படி?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் உண்டு. அதைப் படித்துக் காட்ட, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் போதும். இயக்கியதும் வெப்ப அளவும் டிஸ்க்கின் ஆரோக்கிய நிலையும் மேலேயே தெரியும். கம்ப்யூட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, பெரிய பைல்களை நெடுநேரம் காப்பி செய்யும்போது ஒரு முறை பாருங்கள். வெயில் நேரத்து மதியம் பார்ப்பது நல்லது.

கீழே வரும் பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். அவற்றின் கடைசிக் கட்டம் பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கில் பழுதான இடங்கள் கூடுகின்றன என்று பொருள். அதை எந்த ஃபேனும் சரி செய்யாது. உடனே காப்பி எடுங்கள்.

நான் செய்தவை

அறையின் வெப்பம் 34 டிகிரி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், காப்பி செய்யும்போதே அளந்தேன்.

1. கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய பெட்டிக்குள் இருந்த கேபினட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். 57 என்பது 52 ஆனது. செலவு ஒன்றுமில்லை.

2. பழைய 500 ஜிகாபைட் டிஸ்க்கும் புதியதும் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுவே ஓர் இடம் காலியாக விட்டு மாட்டினேன். 49.

3. முன்பக்க வலையில் கம்பளி போல் படிந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். 48.

4. டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே, கேபினட்டின் முன்பக்கம், 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மாட்டினேன். 41!

ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருந்தால், காற்று போகும் திசை அதுதான். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். எத்தனை ஃபேன் போட்டாலும் டிஸ்க்கின் வெப்பம் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கவனம் தேவை

கேபினட்டைத் திறக்கும் முன் ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வாரன்டி உள்ள பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் திறக்கவும். டிஸ்க் சுழலும்போது கேபினட்டை நகர்த்தவோ தட்டவோ கூடாது.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு நாள் சரி. வழக்கமானால் தூசிதான் சேரும். பல டிஸ்க்குகளின் மேல் மூடியில், மூடக் கூடாது என்ற எச்சரிக்கையோடு ஒரு சிறு துளை இருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 41 டிகிரியில் இருக்கும் டிஸ்க்கும் ஒரு நாள் போகும். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பா எல்லாப் போட்டோக்களையும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து பீரோவில் வைத்துவிடுகிறார். திருமண ஆல்பத்தின் மிச்சப் பாதி இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. இன்று மாலை உங்கள் டிஸ்க்கின் வெப்பத்தைப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் போட்டோக்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள்.