பொட்டோச்சாரியின் கப்ருகள்

போருக்குப் பின் எழுப்பப்படும் நினைவுச் சின்னம் என்றதும் தூண்களும் சிலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. போஸ்னியாவின் கிழக்கே, ஸ்ரெப்ரெனிட்சா நகரை அடுத்த பொட்டோச்சாரியில் அமைந்திருப்பதோ ஒரு மையவாடி. அங்கே மனப்புண் ஓரளவேனும் ஆறியிருக்குமாயின், அதனை ஆற்றியவை கல்வெட்டுகள் அல்ல. ஜனாஸாத் தொழுகையும் அடக்கமுமே என்பது என் கருத்து.

1992இல் தொடங்கிய போரின் இறுதிக் கட்டத்தில், 1995 ஜூலை 11 அன்று, ஐ.நா. பாதுகாப்பு வலயமென அறிவித்திருந்த அந்நகரைப் போஸ்னிய செர்பியப் படை கைப்பற்றியது. அடுத்த சில நாள்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். பின்னர், குற்றத்தை மறைக்கும் பொருட்டுப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி உடல்களை வேறிடங்களில் புதைத்தனர். ஒருவரது எலும்புகளே பல குழிகளில் சிதறிப்போயின.

எஞ்சிய பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவர் மய்யித்தா, மஃப்கூதா? இத்தா, மறுமணம், வாரிசுரிமை யாவும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தவை. நம்மிடையே உள்ள ஷாஃபிஈகளுக்குக் காயிப் ஜனாஸா தொழவேனும் இடமுண்டு. போஸ்னியர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அதுவும் இல்லை.

2001 முதல், உறவினர் அளித்த இரத்த மாதிரிகளோடு எலும்புகளின் மரபணு ஒப்பிடப்பட்டு, பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. 2003 மார்ச் 31 அன்று முதல் 600 பேர் நல்லடக்கம் செய்யப்பட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டோருக்குத் தொழுகை நடைபெறுகிறது. பச்சைத் துணி போர்த்திய தாபூத்துகள் தலைகளுக்கு மேல் கைமாறிச் செல்கின்றன. கிடைத்த சில எலும்புகளை அடக்குவதா, எஞ்சியவற்றுக்காகக் காத்திருப்பதா என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்கின்றனர். அடக்கிய பின்னர் மேலும் எலும்புகள் கிடைத்து, கப்ரு மீண்டும் திறக்கப்பட்டதும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்னும் கிடைக்கவில்லை. அங்குள்ள நினைவுக் கல்லில் 8372 என்னும் எண்ணையடுத்து மூன்று புள்ளிகள் பொறிக்கப்பட்டிருப்பது, கணக்கு முடியவில்லை என்பதற்கே.

இந்த இடத்தைத் தேர்ந்தவர்களும் உறவினர்களே. ஆண்களையும் பெண்களையும் படையினர் பிரித்த இடம் அது. இன்று செர்பியர் ஆட்சிப் பகுதிக்குள் இருக்கிறது. விரட்டப்பட்டோர் ஸியாரத்தின் பெயராலேனும் ஆண்டுதோறும் தம் மண்ணை மிதிக்கின்றனர்.

அயலாரோடு இணக்கம் ஏற்பட்டதா எனில், தயக்கத்தோடுதான் விடை கூற வேண்டியுள்ளது. இனப்படுகொலையை மறுப்போர் குறையாததால், 2021இல் சர்வதேச உயர் பிரதிநிதி அம்மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார். 2024 மே மாதம் ஜூலை 11ஐ நினைவு நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தபோதும், அத்தீர்மானத்தைச் செர்பியா எதிர்த்தே வாக்களித்தது.