சங்கு நின்ற ஊரில் காணிக்கைப் பவனி

(வானொலியில் வழங்கப்பட்ட ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் முதலியார்பேட்டையில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம், "சின்ன வயசில் மணி எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கைக்கடிகாரத்தைச் சொல்ல மாட்டார்கள். "மில் சங்கு ஊதும்" என்பார்கள். ஆலைச் சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும். அடுத்த சங்குக்குத் தூக்குவாளியோடு அப்பா கிளம்புவார். மாலைச் சங்கு கேட்டால் பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடுவார்கள். அதே ஊரில் மூன்று வேளையும் கோயில் மணியும் அடித்தது. வேலைக்கு அழைத்தது சங்கு; மூவேளைச் செபத்துக்கு அழைத்தது மணி. இரண்டுக்கும் நடுவில்தான் நம் மக்களின் வாழ்க்கை ஓடியது.

இன்று மணி அடிக்கிறது. சங்கு நின்றுவிட்டது. 1898ஆம் ஆண்டு தொடங்கிய ஆலை, ஊரார் வாயில் 'ரோடியர் மில்' என்று நின்ற ஏ.எப்.டி. ஆலை, 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரை கடந்த தானே புயலில் பெரும் சேதம் கண்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளோடு அது மூடப்பட்டது. புதிய பேருந்து நிலையத்தில் கட்டுமானப் பணி நடந்தபோது, அந்த ஏ.எப்.டி. திடலில்தான் தற்காலிகப் பேருந்து நிலையம் இயங்கியது. பேருந்துக்குக் காத்திருந்த இளைஞர்களில் பலருக்கு அது வெறும் திடல். பெரியவர்களுக்கோ அது சோறு போட்ட இடம்.

இன்று நாம் சிந்திக்கப்போவது திருப்பலியில் வரும் காணிக்கைப் பவனியைப் பற்றி. அதற்கு ஏன் ஆலைச் சங்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி.

பல ஆண்டுகள் தறி ஓட்டியவர் அவர். வேலை போன பிறகும் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார். ஆனால் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். ஒருமுறை அவருடைய அன்பியம் காணிக்கை எடுத்துவரும் முறை வந்தது. அப்பத் தட்டை நீங்கள் கொண்டு வாருங்கள் ஐயா என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு வந்தார்.

"சாமி, தப்பா நினைக்காதீங்க. நிலத்துல விளைஞ்சது, மனுஷன் கையால உழைச்சதுன்னு சொல்லித்தானே அப்பத்தைத் தூக்கிக் காட்டுறீங்க? எங்கையில இப்ப உழைப்பே இல்லையே. நான் எதைத் தூக்கிட்டு வர?"

நான் உடனே ஏதோ பதில் சொன்னேன். "கடவுள் பார்த்துக்கொள்வார் ஐயா, கவலைப்படாதீங்க" என்றேன். அவர் மரியாதையாகக் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது இரவில்தான் எனக்கு உறைத்தது. அவர் பணம் கேட்கவில்லை, ஆறுதலும் கேட்கவில்லை. பீடத்துக்கு முன்னால் தமக்கு இடம் உண்டா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலை உங்களோடு சேர்ந்து தேடுவதுதான் இந்த மறையுரை.

முதலில், காணிக்கைப் பவனியில் நடப்பது என்ன என்று பார்ப்போம். திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் மக்கள் தங்கள் வீட்டிலிருந்தே அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவந்தார்கள். காலப்போக்கில் அந்தப் பழக்கம் மறைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த வழிபாட்டுச் சீர்திருத்தம் அதன் பொருளை மீட்டெடுத்தது. இப்போது அப்பத்தை நாம் வீட்டில் சுடுவதில்லை. ஆனாலும் பீடத்தில் தயாராக எடுத்துவைத்துவிடாமல் இறைமக்களின் கைகள் வழியாகவே அது வரவேண்டும் என்று திருச்சபை விரும்புகிறது.

அந்த அப்பத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அது கோதுமை. கோதுமை புதுச்சேரி மண்ணில் விளைவதில்லை. வடக்கே எங்கோ ஒரு விவசாயி விதைத்தார். யாரோ அறுத்தார்கள். ஒருவர் மூட்டை தூக்கினார், ஒருவர் இரவெல்லாம் லாரி ஓட்டினார். மாவு மில்லில் ஒருவர் நின்றார். பிறகு யாரோ அதைச் சுட்டு வட்டமாக வெட்டினார்கள். இவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களில் பலர் இயேசுவை அறியாதவர்களாகவும் இருக்கலாம். ஆனால் அத்தனை பேருடைய உழைப்பும் அந்தச் சிறு தட்டில் பீடத்துக்கு வருகிறது. ஆகவே தட்டைத் தூக்கி வருபவர் தம்முடைய சொந்த உழைப்பை மட்டும் கொண்டுவருவதில்லை. எல்லாருடைய உழைப்பையும் எல்லாருக்காகவும் சுமந்து வருகிறார்.

இரண்டாவது, அப்பம் வைக்கப்படும் துணி. பீடத்தின்மேல் விரிக்கும் துணியும், கிண்ணத்துக்கும் தட்டுக்கும் கீழே விரிக்கும் திருமேனித் துகிலும் பாவும் ஊடையுமாக யாரோ நெய்தவை. ஆண்டவரின் திருவுடல் அந்த நெசவின்மேல்தான் வைக்கப்படுகிறது. யோவான் நற்செய்தியாளர் சிலுவையடியில் நடந்ததைச் சொல்லும்போது ஒரு நெசவுச் செய்தியைக் குறிப்பிடுகிறார்: இயேசுவின் அங்கி தையல் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே துணியாக நெய்யப்பட்டிருந்தது (யோவா 19:23). படைவீரர்கள்கூட அதைக் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டார்கள். அதை நெய்தவர் யார் என்று நற்செய்தி சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒரு நெசவாளியின் கைவேலை, ஆண்டவர் பாடுபட்ட நாள்வரை அவர் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தறி ஓட்டிய குடும்பங்கள் வாழும் நம் ஊருக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஆனாலும் பெரியவரின் கேள்வி இதோடு தீரவில்லை. 'நேற்று உழைத்தேன், சரி. இன்று உழைப்பு இல்லையே' என்பதுதான் அவர் வலி. அதற்கு மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். திராட்சைத் தோட்ட உரிமையாளர் உவமை. பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு வாசகத்தில் இதைக் கேட்கிறோம். ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கும் முழுநாள் கூலி என்பதை வைத்துக் கடவுளின் தாராளத்தைப் பற்றி நாம் பேசுவோம். அது சரியே. ஆனால் அதற்கு முன்னால் நடப்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

அந்த உரிமையாளர் விடியலில் சந்தைவெளிக்குப் போகிறார். ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போகிறார். சூரியன் சாயும் ஐந்து மணிக்கும் போகிறார். ஐந்து முறை! மாலையிலும் அங்கே நிற்பவர்களைப் பார்த்து, ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. சோம்பேறி வீட்டில் படுத்திருப்பான். இவர்கள் நாள் முழுவதும் நின்றிருக்கிறார்கள். நம் நகரின் சாலைச் சந்திப்புகளில் காலையில் தூக்குவாளியோடு நிற்கும் கொத்தனாரையும், சித்தாள் வேலைக்கு வரும் சகோதரியையும் நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குமேல் வேலை கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பி நடப்பவரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த முகத்தைத்தான் இயேசு பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், விண்ணரசைப் பற்றிச் சொல்ல அவர்களையே எடுத்துக்கொண்டார்.

உரிமையாளர் அவர்களுக்கு ஒரு தெனாரியம் கொடுக்கிறார். அது ஒரு நாள் கூலி. ஒரு குடும்பம் அன்று சாப்பிடத் தேவையானது. வேலை ஒரு மணி நேரம்தான் கிடைத்தாலும், வீட்டில் பசி முழுநாளும் இருந்ததல்லவா? ஆக, கடவுள் ஒரு மனிதரை அளப்பது அவருக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்பதை வைத்தல்ல.

இந்தப் பாடத்தை நம் மண் இரத்தம் சிந்திக் கற்றது. பத்து மணி நேரத்துக்கும் மேலாக உழைத்த ஆலைத் தொழிலாளர்கள், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை முன் பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாகவே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. மனிதர் இயந்திரத்தின் உதிரிப்பாகம் அல்லர் என்பதே அவர்கள் கேட்டதன் பொருள். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலில் நியாயமான கூலியையும் ஓய்வு நாளையும் வலியுறுத்தினார். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக்கினார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வேலையின் மதிப்பு அதைச் செய்யும் மனிதரிடமிருந்து வருகிறது என்று விளக்கினார். அப்படியானால் வேலை போகலாம். மனிதரின் மதிப்பு போகாது. ஞாயிறு திருப்பலி வாரந்தோறும் சொல்வதும் இதைத்தான்: ஆறு நாளும் உன்னை 'இன்ன வேலைக்காரன்' என்று அழைத்தார்கள், இங்கே நீ 'மகன்', 'மகள்' என்று அழைக்கப்படுகிறாய்.

மூன்றாவதாக, ஒரு துளித் தண்ணீர். அருள்பணியாளர் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றியபின் சிறிது தண்ணீரைச் சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் இதற்கு அழகான விளக்கம் தந்தார். திராட்சை இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள். இரண்டும் கலந்தபின் பிரிக்க முடியாது. அப்படியே கிறிஸ்துவையும் அவர் மக்களையும் பிரிக்க முடியாது. தண்ணீருக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. 'என் கையில் ஒன்றுமில்லை' என்று சொல்பவரைப்போல அது இருக்கிறது. ஆனாலும் அது இல்லாமல் திருச்சபை கிண்ணத்தை உயர்த்துவதில்லை. பெரியவருக்கு நான் அன்றே சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: ஐயா, வேலை இல்லாத வருத்தத்தோடு, வெறுங்கையோடு வந்து நிற்கிறீர்களே, அந்த நிலையையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார். சிலுவையில் அறையப்பட்டபோது அந்தத் தச்சரின் கைகளாலும் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. நம்மை மீட்டது அசைய முடியாத அந்தக் கைகள்.

ஆனால் அன்பர்களே, இந்தப் பதிலை வேலை இழந்தவரிடம் சொல்லிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட முடியாது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் புனித ஜஸ்டின் உரோமைப் பேரரசருக்கு எழுதும்போது, ஞாயிறு வழிபாட்டில் கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விவரித்தார். வசதியுள்ளவர்கள் தாங்களாக விரும்பிக் கொடுப்பார்கள். அது ஆதரவற்ற பிள்ளைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், ஊருக்கு வந்த அந்நியர் ஆகியோருக்குப் போகும். அதாவது, காணிக்கை பீடத்தை நோக்கி வருவதோடு முடியாமல், பீடத்திலிருந்து தேவையில் இருப்பவரின் வீட்டை நோக்கியும் போனது. உவமையின் உரிமையாளர் ஐந்து முறை வெளியே போனார். நாம் ஒருமுறையாவது போயிருக்கிறோமா?

எனவே மூன்று சிறிய வேண்டுகோள்கள். உங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்த மாதம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் தெருவில் வேலை இழந்தவர் யார்? அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்கள் போய்ப் பாருங்கள். இரண்டாவது, படித்த பிள்ளைகள் ஓய்வூதிய மனுவோ வேலை விண்ணப்பமோ எழுதிக்கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரோடு சேர்ந்து இதைச் செய்யலாம். மூன்றாவது, வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கூலியை அன்றன்றைக்கே, முகம் கோணாமல் கொடுங்கள். அதுவும் காணிக்கைதான்.

பெரியவரிடம் மறுபடி பேசப் போனேன். அன்று அவசரமாகப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர்த் துளியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சில வாரம் கழித்து, பூசைக்குப் பிறகு பீடத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நாப்பதாம் நம்பர் நூலு சாமி. நல்ல நெசவு" என்றார். பிறகு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து மடித்தார். அப்பத் தட்டை அவர் இன்னும் கேட்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் இப்போது அவர் தூணுக்கு முன்னால் உட்காருகிறார்.

செபிப்போம்: நாசரேத்தில் மரம் இழைத்த ஆண்டவரே, வேலை செய்து களைத்த கைகளையும், வேலை கிடைக்காமல் சோர்ந்த கைகளையும் உமது பீடத்தில் ஏற்றுக்கொள்ளும். சந்தைவெளியில் நிற்பவரைத் தேடிப் போகும் கால்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.