பழைய படத்தாள்களும் மறைந்த சுரங்கக் குழிகளும்

லங்காஷயர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டார்க்கு மில் துணியே நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள அப்பிரதேசத்தில் நூற்பாலைகள் பெருகியதற்கு, மலைச்சரிவுகளில் இறங்கி ஓடும் சிற்றாறுகள் ஒரு காரணம். காலடியிலேயே கிடைத்த நிலக்கரி மற்றொரு காரணம். அந்த ஆலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆழ்சுரங்கங்களும் 1990-களின் தொடக்கத்தோடு மூடப்பட்டன. ஆயினும் கரி எடுப்பதற்காகப் பூமிக்குள் கிணறு போல் இறக்கிய செங்குத்துக் குழிகள் மறைந்தனவே தவிர அழிந்துவிடவில்லை. வீதிகளுக்கும் வீடுகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் அடியில் அவை இருக்கின்றன. 1945-ஆம் ஆண்டில் விகன் நகருக்கு அருகே கைவிடப்பட்ட குழி ஒன்று திடீரென வாய்திறந்து, மேலே தண்டவாளத்தில் இருந்த இஞ்சினையும் அதனுடன் இணைந்த வண்டிகளையும் விழுங்கிற்று. இஞ்சின் ஓட்டுநர் உயிரிழந்தார்.

பிரிட்டன் முழுவதிலும் இவ்வாறான சுரங்க வாயில்கள் 1,70,000-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. பதிவாகாதவையும் உண்டு. அவற்றைத் தேடுவோர் முதலில் கையில் எடுப்பது புதிய கருவி எதையும் அன்று; ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் சங்கிலி பிடித்து அளந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தாள்களையே. அத்தாள்கள் சொல்லும் செய்தியும், அவை சொல்லாமல் விட்ட செய்தியும், நிலப்படத்தோடு பழகும் எவரும் அறிய வேண்டியவை.

பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமாகிய ஆர்ட்னன்ஸ் சர்வே 1791-இல் தோன்றியது. இராணுவத் தேவையே அதன் பிறப்புக்குக் காரணம். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் கென்ட் பகுதியின் படம் 1801-இல் வெளிவந்தது. பின்னர் 1824-இல் அயர்லாந்தில் வரி விதிப்புக்காக மைலுக்கு ஆறு அங்குலம் என்ற பெரிய அளவில் அளவை தொடங்கிற்று. அதை நடத்திய தாமஸ் கோல்பி, வெப்பத்தால் நீளம் மாறாதபடி இரும்பையும் பித்தளையையும் இணைத்து அளவுக்கோல்கள் செய்வித்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அதே வகைக் கோல்களை இந்தியாவுக்குக் கொணர்ந்து, 1831-32-இல் கல்கத்தா அடிக்கோட்டை அவற்றால் அளந்தார் என்பது இந்திய நில அளவைத் துறையினர் அறிந்த செய்தி.

பணியாளர் அயர்லாந்துக்குச் சென்றதால் இங்கிலாந்தின் வடபகுதி அளக்கப்படாமல் நின்றது. பிரெஸ்டனிலிருந்து ஹல் வரை ஒரு கோடு இழுத்தால், அதற்குத் தெற்கே ஓரங்குலப் படம் இருந்தது, வடக்கே இல்லை. இந்தத் தாமதமே பிற்காலத்தவர்க்கு நன்மையாக முடிந்தது. லங்காஷயரையும் யார்க்ஷயரையும் ஆறங்குல அளவிலேயே அளப்பது என்று 1840-இல் முடிவாயிற்று. மறு ஆண்டு நிறைவேறிய சட்டம், அளவையாளர் பிறர் நிலத்தினுள் நுழைந்து அளக்க உரிமை தந்தது. அதே 1841-இல் லண்டன் கோட்டையில் ஏற்பட்ட தீவிபத்தினால் அளவை அலுவலகம் சௌதாம்ப்டனுக்குப் பெயர்ந்தது. லங்காஷயரின் களவேலை 1840-களிலேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது.

வேலை நடந்த விதம் களப்பணியாளர்க்குப் புதிதன்று. குன்றுகளின் மீது தியோடலைட் நிறுத்தி முக்கோணங்கள் அமைத்தனர். முக்கோணத்துக்குள் சங்கிலியால் கோடுகள் அளந்தனர். வேலி, ஓடை, கட்டடம் ஆகியவற்றின் தூரங்களைக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எடுத்து அளவைப் புத்தகத்தில் குறித்தனர். படைப்பிரிவினரும், கூலிக்கு அமர்ந்த சாதாரண உதவியாளரும் கலந்து இதைச் செய்தனர். செதுக்குவோர் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செப்பில் வெட்டினர். ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டை உள்ளூரார் சிலரிடம் உறுதி செய்து எழுதிய பெயர்ப் புத்தகங்கள் இருந்தன. 1940-இல் சௌதாம்ப்டன் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் இங்கிலாந்துக்குரிய பெயர்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின. ஒரு பண்ணையின் பெயர் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்டால் விடை சொல்ல இன்று பல இடங்களில் ஆவணம் இல்லை.

ஆறங்குலத் தாளில் ஓர் அங்குலம் நிலத்தில் 880 அடி. நம் நாட்டில் வழங்கும் 1:50,000 தாளில் ஒரு கிராமம் பிடிக்கும் பரப்பைப் போல் சுமார் 22 மடங்கு பரப்பை அதே கிராமம் இத்தாளில் பிடிக்கும். ஆதலின் ஒவ்வொரு வயலின் வேலியும், ஒவ்வொரு பண்ணைக் கட்டடமும், ஓடையின் ஒவ்வொரு வளைவும் இடம்பெறுகின்றன. விரலால் ஓர் ஓடையை மலையடியிலிருந்து பின்தொடர்ந்தால் சலவைச் சாலை, சாயச் சாலை, துணி அச்சுச் சாலை என்ற எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீலமில்லாத கறுப்புக் கோட்டால் வரைந்த சிறு நீர்த்தேக்கங்கள் உள்ளன. நீராவி இயந்திரம் வந்த பிறகும் ஆலைகள் நீரை விட்டு அகலவில்லை என்பதை மாணவர்க்கு விளக்க, இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

நாலாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர்களுக்கு, மைலுக்கு ஐந்து அடி என்ற மிகப் பெரிய அளவில் தனிப்படங்களும் தயாராயின. இதில் ஓர் அங்குலம் 88 அடியே. மான்செஸ்டர் படத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகளும், அவை சூழ்ந்த இருண்ட முற்றங்களும், தண்ணீர்க் குழாய்களும் தெரிகின்றன. உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கையும், 1848-இன் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்த காலம் அது. சாக்கடைக்கு மட்டம் பார்க்க வேண்டுமாயின் வீதியின் அகலத்தை அடிக்கணக்கில் காட்டும் படம் வேண்டும். காலராவின் அச்சமே பெரிய அளவுப் படங்களுக்குப் பணம் ஒதுக்கச் செய்தது என்று கூறினால் அது பெரிதும் மிகையாகாது.

இனி, குழிகளுக்கு வருவோம். ஆறங்குலத் தாள்களில் ‘கோல் பிட்’ என்ற எழுத்து விகன், செயின்ட் ஹெலன்ஸ், போல்டன் பக்கங்களில் எறும்பு ஊர்வது போல் நிறைந்திருக்கிறது. சிலவற்றின் முன்னால் ‘ஓல்டு’ என்ற சொல் காணப்படும். அச்சொல்லின் பொருள், அளவையாளர் சென்ற நாளிலேயே அக்குழி கைவிடப்பட்டிருந்தது என்பது. இந்த ஒரு சொல்லுக்கு இன்று பெருமதிப்பு உண்டு. ஏனெனில் கைவிட்ட குழியை அக்காலத்தில் அடிவரை மண்ணிட்டு நிரப்புவது அரிதாகவே நடந்தது. சில அடி ஆழத்தில் குறுக்கே மரங்களைப் பரப்பி, அவற்றின்மேல் மண்ணையும் கரிக்கழிவையும் கொட்டிச் சமன் செய்துவிடுவர். மேலே புல் முளைக்கும். கீழே மரம் இற்றுக்கொண்டிருக்கும். நூறாண்டுக்குப் பிறகு ஒரு பெருமழையோ, ஒரு கட்டடத்தின் பாரமோ போதும்.

சுரங்கங்களின் வரைபடங்களே இருக்கும்போது நிலப்படத்தை ஏன் நாட வேண்டும் என்று கேட்கலாம். சுரங்கத்தார் வரைபடம் வைத்திருந்து ஆய்வாளர்க்குக் காட்ட வேண்டும் என்ற விதி 1850-இல் வந்தது. ஆனால் சுரங்கத்தைக் கைவிடும்போது அவ்வரைபடத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1872-இன் சட்டத்தினால்தான் ஏற்பட்டது. அதற்கு முன் மூடிய சுரங்கங்களின் வரைபடங்கள் முதலாளியின் பெட்டியோடு போயின. பலவற்றுக்கு வரைபடமே இல்லை.

இங்கேதான் நிலப்படத்தின் மௌனத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. லங்காஷயர் முதலில் அளக்கப்பட்டது 1840-களில். மைலுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து அங்குலம் என்ற அளவில், அதாவது படத்தில் ஒரு சதுர அங்குலம் நிலத்தில் சுமார் ஓர் ஏக்கர் என்ற கணக்கில், மறுபடி அளக்கப்பட்டது 1888-க்கும் 1893-க்கும் இடையில். நடுவில் நாற்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. 1852-இல் தோண்டி 1868-இல் மூடிச் சமன் செய்த குழி ஒன்று இருந்ததாக வைத்துக்கொண்டால், முதல் படத்தில் அது பிறக்கவில்லை. இரண்டாம் படத்தில் அது மறைந்துவிட்டது. சட்டமும் அதன் வரைபடத்தைக் கேட்கவில்லை. மூன்று சாட்சிகளும் பேசாத காலம் அது. எனவே அனுபவமுள்ளவர்கள் இரு தாள்களையும் அருகருகே வைத்து, குழியை விட்டு வேறு அடையாளங்களைத் தேடுகின்றனர். வயலின் நடுவில் போய்க் காரணமின்றி முடியும் பாதை, முன் இல்லாத சிறு மேடு, வெட்டிய தண்டவாளத் தடம், வேலியில் புதிதாக ஏற்பட்ட வளைவு ஆகியவை, நடுவில் ஏதோ நடந்தது என்று காட்டிக்கொடுக்கும். படத்தில் குழி இல்லை என்பதால் நிலத்திலும் குழி இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுவது கூடாது. அங்கு வீடு வாங்குவோர் சுரங்க அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெறுவது வழக்கம். அதைத் தருவோருள் முக்கியமானது 1994-இன் சட்டப்படி அமைந்த நிலக்கரி ஆணையம். 2024-இல் அதன் பெயர் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்ற பொருளில் மாற்றப்பட்டது.

சுரங்கம் நிலத்தைக் குழியாக்கியதோடு நிற்கவில்லை, தாழவும் வைத்தது. விகனுக்கும் லீக்கும் இடையே முதல் தாள்கள் வயல்களைக் காட்டும் இடங்களில் இன்று விரிந்த ஏரிகள் உள்ளன. கீழிருந்த கரி எடுக்கப்பட்டதால் மேல்நிலம் அமிழ்ந்து நீர் தேங்கியது. உள்ளூரார் இவற்றை ‘பிளாஷ்’ என்கின்றனர். நீர்ப்பறவைகள் வந்து தங்கியமையால் 2022-இல் இவை தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய தாழ்வைப் படங்களிலிருந்து கணக்கிட முயல்வோர் ஒரு பொறியில் சிக்கக்கூடும். பழைய தாள்களின் உயரங்கள் 1844-இல் லிவர்ப்பூலில் எடுத்த கடல்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. பிற்காலத்து உயரங்கள் கார்ன்வாலில் உள்ள நியூலின் துறையில் 1915 முதல் 1921 வரை பார்த்த கடல்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. இரண்டு எண்களையும் அப்படியே கழித்தால் அமிழாத நிலமும் இடம்பெயர்ந்ததாகத் தோன்றும்.

நாட்டுப்புறத்தின் மாறுதல்களில் சாட் மாஸ் என்ற பெருஞ்சதுப்பு குறிப்பிடத் தக்கது. லிவர்ப்பூல் - மான்செஸ்டர் ரயில்பாதை 1830-இல் இதன் மேல் மிதப்பது போல் போடப்பட்டது. ஜார்ஜ் ஸ்டீவன்சன் சுள்ளியும் புதர்க்கட்டும் பரப்பி அதன்மேல் பாதையை அமைத்தார். முதல் தாளில் சதுப்பின் நடுப்பகுதி ஏறத்தாழ வெறுமை. 1895-இல் மான்செஸ்டர் நகரசபை இதன் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி, நகரத்துக் கழிவை வண்டித் தடங்கள் வழியே கொண்டுவந்து கொட்டி எருவாக்கிற்று. அடுத்த தாள்களில் வெறுமை குறைந்து, அளவுகோல் வைத்துக் கிழித்தது போன்ற நேர்வேலிகள் தோன்றுகின்றன. ரிவிங்டன் பள்ளத்தாக்கிலோ மாறுதல் வேறு வகை. லிவர்ப்பூலுக்குக் குடிநீர் வழங்க 1847-இல் சட்டம் இயற்றி 1850-களில் ஏரிகள் கட்டினர். அதற்குமுன் அளந்த தாளில், இன்று நீர் நிற்கும் இடத்தில் வேலிகளும் வயல்களும் இருக்கின்றன.

படத்தில் கோடு இருப்பதால் மட்டும் உரிமை உண்டாவதில்லை என்பதையும் இப்பிரதேசமே கற்றது. போல்டனுக்கு மேலுள்ள வின்டர் ஹில் குன்றுக்குச் செல்லும் பாதையை நிலச்சுவான்தார் ஒருவர் அடைத்ததை எதிர்த்து, 1896 செப்டம்பரில் பல்லாயிரம் பேர் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்து சென்றனர். மறு ஆண்டு வழக்கில் நிலச்சுவான்தாரே வென்றார். பாதையோ, தடமோ படத்தில் காட்டப்படுவது அங்கே நடக்கும் உரிமைக்குச் சான்றாகாது என்ற குறிப்பை ஆர்ட்னன்ஸ் சர்வே 1880-களின் இறுதியிலிருந்தே தன் தாள்களில் அச்சிட்டு வந்தது. அந்தப் பாதையின் பெயர் கோல்பிட் ரோடு. எங்கே சென்றது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இப்பொழுது இத்தாள்களைக் காண லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போக வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் பழைய தாள்களையும் ஒளிநகலாக்கி, இன்றைய விமானப் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் வசதியுடன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வகுப்பறையில் கணினி உள்ள ஆசிரியர், விகனின் ஒரு சதுர மைலை எடுத்து மாணவரைக் கொண்டு குழிகளை எண்ணச் செய்யலாம்.

பொருத்தும்போது கோடுகள் சில கஜம் விலகி நிற்பதை அவர் கவனிப்பார். இதற்குத் தாள் காய்ந்து சுருங்கியது ஒரு காரணம். மற்றொரு காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் படங்கள் கவுண்டிக்கு ஒன்றாகவோ, சில கவுண்டிகளுக்கு ஒன்றாகவோ வெவ்வேறு தீர்க்கக் கோட்டை அடியாகக் கொண்டு வரையப்பட்டமை. நாடு முழுவதற்கும் ஒரே கட்டவலை வேண்டும் என்ற பரிந்துரை 1938-இல்தான் வந்தது. ஆகவே பழைய தாளில் ‘ஓல்டு ஷாப்ட்’ என்று கண்ட இடத்தில் துளையிட்டுச் சோதிக்கும் பொறியாளர், புள்ளியின் மேல் மட்டும் துளையிடுவதில்லை. புள்ளியைச் சுற்றிச் சில கஜ ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரைந்துகொண்டு, அதன் உட்பரப்பு முழுவதையும் நெருக்கமான துளைகளால் தேடுகிறார். அத்தேடல் முடியும்வரை அந்த வட்டத்துக்குள் பாரமான இயந்திரம் எதையும் நிறுத்துவதில்லை.