பொம்மை முகம் கேமராவை ஏமாற்றுமா?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், ஒரே பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பு ஊற்றி எடுத்த பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் ஒன்றுபோலவே இருக்கும். சூளையில் வெந்ததும் கொஞ்சம் சுருங்கும், முகஜாடை மாறாது. முகம் அறியும் கணினிக்கும் அளவு பெரிதில்லை. படத்தைச் சீராக்கி, முகத்தைச் சில நூறு எண்களின் வரிசையாக்கி, முன்பே சேமித்த வரிசையோடு எவ்வளவு நெருங்குகிறது என்று பார்க்கும்.

அப்படியானால் உங்கள் முகத்தையே அச்செடுத்து, வண்ணம் தீட்டி நீட்டினால்? ஏமாறக்கூடும். அதனால்தான் 'எதிரே இருப்பது உயிருள்ள ஆளா?' என்ற சோதனையில் ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் தோலின் நிறம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறும். கேமரா அதைப் பிடித்துவிடும். பீங்கானுக்கு நாடி ஏது?

2021 நவம்பரில் ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்றிதழுக்கே முக அடையாளம் வந்துவிட்டது. முதுமை முகத்தை மாற்றும், சேமித்த படமோ மாறாது. இது அடுத்த சிக்கல்.

என்னைக் கேட்டால், இதைவிட அவசரமானது தோல் நிறம். முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை 2018இல் ஆய்வாளர்கள் ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை.