மூவார் ஆய்வு சொன்னது: புத்திமதி மட்டும் போதாது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவாரில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஹெராயினை நிறுத்தி உடல் தெளிந்திருந்த 126 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஆலோசனை எல்லாருக்கும் உண்டு. மாத்திரைதான் வேறு: ஒரு பிரிவுக்குப் புப்ரெனோர்ஃபின், இன்னொன்றுக்கு நால்ட்ரெக்சோன், மூன்றாவதற்கு வெறும் போலி மாத்திரை. புப்ரெனோர்ஃபின் பெற்றவர்களே அதிக நாள் ஹெராயினைத் தொடாமல், சிகிச்சையையும் கைவிடாமல் இருந்தார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள்.

காரணம் மூளை அணுக்களில் இருக்கும் ‘மியூ’ ஏற்பி. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளுக்காக அமைந்தது அது. ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறி அதை இயக்குகிறது. 1996-இல், இந்த ஏற்பி இல்லாமல் உருவாக்கிய சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். வலியும் குறையவில்லை, உடல் அதற்கு அடிமையாகவும் இல்லை. அந்த ஒரே ஏற்பி வழியாகத்தான் இரண்டும் நடக்கின்றன.

மூளைத்தண்டில் நோரட்ரினலின் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கும் அணுக்கள் உண்டு. ஹெராயின் அவற்றை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கினால், ஈடுகட்ட அவை உள்ளுக்குள் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. போதைப்பொருளை நிறுத்தியதும் அந்த அடக்குதல் போய்விடும், கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். வியர்வை, மயிர்க்கூச்செறிவு, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் வலி, தூக்கமே வராத இரவுகள். இதைப் பார்த்து “நடிக்கிறான்” என்று திட்டும் வீடுகள் உண்டு. சத்தியமாக அது நடிப்பல்ல.

நால்ட்ரெக்சோன் ஏற்பியை அடைக்கும், இயக்காது. புப்ரெனோர்ஃபின் அதை இறுகப் பற்றிக்கொண்டு ஓரளவே இயக்கும். அதனால் தவிப்பு தணியும், போதை ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. 2005-இல் மலேசிய அரசு தொடங்கிய திட்டத்தின் மருந்தான மெத்தடோன் முழுமையாக இயக்கினாலும், நிதானமாக, ஒரு நாள் முழுக்க நீடிக்கும். “ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று” என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஏறி இறங்கும் போதைதான் ஒருவரை வேலைக்கும் போகவிடாமல், வீட்டிலும் இருக்கவிடாமல் அலைக்கழிக்கிறது.

போதை மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுத் திரும்புபவருக்குத்தான் ஆபத்து அதிகம். சில வாரம் விட்டிருந்தாலே தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். அவர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, கூட ஒருவர் போய், அரசாங்கக் கிளினிக்கில் இந்த மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள்.